ஊக்கை எடுக்கும் முன் ஒரு போட்டோ

நெட் கொஞ்சம் சுணங்கினால் போதும், வைஃபை பெட்டியின் பின்னால் உள்ள சின்னத் துளையில் ஊக்கை விட்டு அழுத்திவிடுகிறார்கள். பிறகு நெட்டே இல்லாமல் லைன்காரரைத் தேடி அலைகிறார்கள். இது ஓயாமல் நடக்கிறது.

ரீஸ்டார்ட் வேறு, ரீசெட் வேறு. சுவிட்சை அணைத்து அரை நிமிடம் கழித்துப் போட்டால் அது ரீஸ்டார்ட், அமைப்புகள் எதுவும் அழியாது. துளையைப் பத்து விநாடி அழுத்தினால் பெட்டி ஆலையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். பல இணைப்புகளில் நிறுவனம் தந்த யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் எல்லாம் போய்விடும். நீங்கள் வைத்த வைஃபை பாஸ்வேர்டும் போய், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ளதே திரும்பும். பெட்டிக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு சில மாடல்களில் வெறும் 'அட்மின்'தான். ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் சிக்னலே வரவில்லை என்று பொருள். ஆயிரம் முறை ரீசெட் செய்தாலும் பயனில்லை.

ரீசெட்டுக்குப் பின் லைன்காரர் வந்து, உங்கள் போன் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டுப் போகிறார். நிறுவனங்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. பாதுகாப்பில்லாத வைஃபை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம்: 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குப் பொறுப்பேற்ற மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஒருவரின் பூட்டில்லாத வைஃபை வழியே போனது. போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வீட்டில்தான்.

ஆகவே ரீசெட் செய்யும் முன் நிறுவனத்திடம் யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றையும் எஸ்எம்எஸ்ஸிலோ மின்னஞ்சலிலோ கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னால் ஏற்காதீர்கள். ஸ்டிக்கரைப் போட்டோ எடுங்கள். முடிந்ததும் ஸ்டிக்கரில் உள்ள முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, போய் அட்மின் பாஸ்வேர்டையும் வைஃபை பாஸ்வேர்டையும் வெவ்வேறாக மாற்றுங்கள். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 அல்லது டபிள்யூபிஏ3 ஆக்குங்கள். பாஸ்வேர்டு இல்லாமல் பொத்தானை அழுத்தியே இணைக்கும் டபிள்யூபிஎஸ்ஸையும், வெளியிலிருந்து பெட்டியை இயக்கும் வசதியையும் அணையுங்கள்.

யாரோ உங்கள் இணைப்பைத் தவறாகப் பயன்படுத்தியதாகச் சந்தேகமா? அப்போது ரீசெட் செய்யவே செய்யாதீர்கள். பெட்டிக்குள் எந்தெந்தக் கருவிகள் இணைந்திருந்தன என்ற பட்டியலும் பதிவும் உங்கள் பக்கத்துச் சாட்சி. ரீசெட் அதை அழித்துவிடும். முதலில் அந்தத் திரைகளைத் தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். பிறகு cybercrime.gov.in-இல் புகார் பதிந்து, ஒப்புகை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். மறுபடியும் சொல்கிறேன்: போட்டோ எடுக்காமல் ஊக்கைத் தொடாதீர்கள்.

நிறுவனம் விவரம் தர மறுத்தாலோ இழுத்தடித்தாலோ, லைன்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் என்னும் புகார் எண்ணை வாங்குங்கள். அந்த எண் இல்லாமல் போனை வைக்காதீர்கள், அது இல்லாவிட்டால் நீங்கள் புகாரே செய்யவில்லை என்பார்கள். தீர்வு வராவிட்டால் 30 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் கிடையாது. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பலர் நேரே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதிக் காத்திருக்கிறார்கள். தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் டிராய்க்கு இல்லை. மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால் pgportal.gov.in வழியே தொலைத்தொடர்புத் துறைக்குப் போங்கள். நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. தொலைத்தொடர்புப் புகார்களை அங்கே விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பழைய பெட்டியை விற்கும்போதும், வாடகைப் பெட்டியைத் திருப்பித் தரும்போதும் மட்டும் ரீசெட் செய்தே தீர வேண்டும். உங்கள் இணைப்பின் பாஸ்வேர்டு அதற்குள் இருக்கிறது. திருப்பித் தரும்போது சீரியல் எண் எழுதிய ரசீது கேளுங்கள். ரசீது இல்லாமல் பெட்டியைக் கொடுக்காதீர்கள்.