வாயைக் கட்டினால் எடை குறையுமா? நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது?

குஜிலியம்பாறை பக்கம் விசேஷ வீடுகளில், பந்தியில் உட்காரும் முன்பே காதில் விழும் பேச்சு இது:

"ஏம்மா, இப்படி உடம்பு வச்சுட்ட? வாயைக் கட்டக் கூடாதா?"

"பச்சத் தண்ணி குடிச்சாலும் சதை போடுதுக்கா. எங்கம்மா வாகு அப்படி!"

எடை முழுக்க நம் கையில்தான் இருக்கிறது என்று நம்புகிறார் ஒருவர். நம் கையில் எதுவுமே இல்லை என்கிறார் இன்னொருவர். இதில் யார் சொல்வது சரி?

ஊருக்கே வாய் கூடிவிட்டதா?

தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் அதிக எடை கொண்ட பெண்கள் 2015-16-ல் 30.9 சதவிகிதம். 2019-21-ல் அது 40.4 சதவிகிதம். ஆண்களில் 28.2 சதவிகிதம் 37 ஆகியிருக்கிறது. இத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் மன உறுதி குறைந்திருக்காது. சில வருடங்களில் மரபணுவும் மாறாது. மாறியது நாம் வாழும் விதம்.

குஜிலியம்பாறை வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் தின்று, காட்டில் குனிந்து நிமிர்ந்து வேலை பார்த்த தலைமுறை அது. இன்று வேலைக்கு மில் வேன் வருகிறது, கடைக்குப் போக டூவீலர் இருக்கிறது, மூன்று வேளையும் அரிசிதான். போதாததற்கு டீயுடன் வடை, இரவில் புரோட்டா.

அம்மா வாகு உண்மையா?

உண்மைதான். டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டு வளர்ந்த 540 பேரை ஆராய்ந்து 1986-ல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களின் உடல்வாகு, சோறு போட்டு வளர்த்தவர்களோடு ஒத்துப்போகவில்லை, பெற்றவர்களோடுதான் ஒத்துப்போனது.

1994-ல் அமெரிக்க விஞ்ஞானி ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டின் என்ற ஹார்மோனைக் கண்டுபிடித்தது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறையும். உடனே மூளை பசியைக் கூட்டும், உடல் செலவழிக்கும் சக்தியைக் குறைக்கும். பட்டினி கிடந்து இறக்கிய எடை திரும்ப ஏறுவதற்கு இது முக்கியக் காரணம். அதைப் பார்த்து 'கட்டுப்பாடு இல்லாதவள்' என்று ஒருவரைச் சொல்வது நியாயமே இல்லை.

ஒல்லியானவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. புனே டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டன் டாக்டர் ஜான் யுட்கின் இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் கணக்கான பி.எம்.ஐ. ஒரே அளவு, 22.3. ஆனால், உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவிகிதம், நம் யாக்னிக்குக்கு 21.2 சதவிகிதம்! 2004-ல் 'லான்செட்' இதழில் இருவரும் சேர்ந்தே இதை எழுதினார்கள்.

சென்னை காட்டிய வழி

அப்படியானால் எல்லாம் தலையெழுத்தா? இல்லை. சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை வைத்து ஆய்வு செய்து 2006-ல் வெளியிட்டது. ஒரு பிரிவினருக்குத் தினமும் அரை மணி நேர நடையும், இனிப்பு, எண்ணெய் குறைத்த சாப்பாடும். இன்னொரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும்.

மூன்று ஆண்டுகளில், அறிவுரை மட்டும் கேட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும், நடந்தவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறையவே இல்லை!

எடை மெஷின் காட்டும் எண் முழுக்க நம் வசத்தில் இல்லை. தினசரிப் பழக்கம் பெருமளவு நம் வசத்தில் இருக்கிறது. பலன் எண்ணில் தெரியாவிட்டாலும் உள்ளே நடந்துகொண்டிருக்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* தையல் டேப்பால் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்துவிடுங்கள்.

* சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, காய், பயறு, முட்டை கூட்டுங்கள். இது வீட்டில் எல்லோருக்கும்தான். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் பல நாள் ஓடாது.

* 'வீணாகக் கூடாதே' என்று மிச்சத்தை அம்மா தலையில் கட்டாதீர்கள். அளவாகச் சமைத்தால் மிச்சமே இருக்காது.

* திடீரென எடை ஏறினால் தைராய்டு, பி.சி.ஓ.எஸ்., சாப்பிடும் மாத்திரைகள்கூடக் காரணமாக இருக்கலாம். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேலிக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை கூடவே நடக்க ஓர் ஆள். மெஷின் முள் நகரவில்லை என்று மட்டும் நடையை நிறுத்திவிடாதீர்கள்!