தேக்காவைப் படிக்கும் படிப்பு

2013 டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. இரவு 9.20 மணி வாக்கில், தேக்கா என்று நாம் சொல்லும் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோட்டில் தொழிலாளர்களைத் தங்குவிடுதிக்கு ஏற்றிச் செல்லும் தனியார் பேருந்து ஒன்றின் சக்கரத்தில் சிக்கித் தமிழ்நாட்டுக் கட்டுமானத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதையடுத்து மூண்ட கலவரம் அடங்க ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. அவசரகால வாகனங்கள் 23 சேதமாயின, அவற்றில் ஐந்து எரிந்துபோயின. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு சிங்கப்பூர் அப்படியொரு இரவைப் பார்த்ததில்லை. 25 பேர்மீது வழக்கு, 57 பேர் நாடு திருப்பி அனுப்பப்பட்டார்கள். முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014 ஜூனில் அறிக்கை தந்தது. 2015 ஏப்ரலில் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. தீவு முழுக்க இரவு 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கத் தடை; லிட்டில் இந்தியாவிலும் கேலாங்கிலும் சனிக்கிழமை காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை தடை.

சட்டக் கணக்கு இப்படித் தீர்ந்தது. ஆனால் அந்த அறிக்கையில் உள்ள ஒரு செய்தியைச் சமூகவியலோ குற்றவியலோ படிக்கும் மாணவர் தாண்டிப் போய்விடக் கூடாது. அடிபட்டவரைக் கவனிப்பதைவிடப் பேருந்து ஓட்டுநரையும் நேரக் கண்காணிப்பாளரையும் காப்பதிலேயே அதிகாரிகள் குறியாக இருக்கிறார்கள் என்று கூட்டத்தினர் தவறாக எண்ணிவிட்டார்கள் என்கிறது குழு. குடியும் நிலைமையை மோசமாக்கியது என்கிறது. வேலை, தங்குமிடம் பற்றிய மனக்குறை காரணமல்ல என்றும் சொல்கிறது. இந்தக் கடைசி முடிவை ஏற்காதவர்கள் உண்டு.

தவறான எண்ணம் என்றே இருக்கட்டும். நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சில நிமிடங்களில் ஒரே தவறான எண்ணம் வந்தது எப்படி? கூட்டத்தில் கலந்தவன் சொந்தப் புத்தியை இழந்துவிடுகிறான் என்று 1895-இல் எழுதினார் பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் லெ போன். பத்திரிகைகள் இன்றும் அவர் வழியில்தான் பேசுகின்றன. 1980-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் நடந்த கலவரத்தை ஆராய்ந்த ஸ்டீபன் ரைக்கர் வேறொன்றைக் கண்டார். அந்தக் கூட்டம் கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கவில்லை. யார் நம்மவர், யார் எதிராளி என்ற கணக்கு அதற்குள் இருந்தது, போலீசைத்தான் குறிவைத்தது. நான் ரைக்கர் பக்கம். லிட்டில் இந்தியாவில் ஆம்புலன்ஸ்மீது கல்லெறிந்தது குற்றமே, அதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் ஏஜென்டுக்குக் கட்டிய பணத்தின் கடன் ஊரில் வட்டியோடு வளர, மேற்பார்வையாளரிடம் வாய் திறக்கத் தயங்கி, வாரத்தில் ஒரு நாள் மட்டும் தேக்காவுக்கு வருகிறவர், ஒரு நெருக்கடியில் அதிகாரி தனக்காக நிற்பார் என்று எதிர்பார்ப்பாரா? இந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவதுதான் சமூகவியல் படிப்பு.

இன்றைய சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறை 1965-இல் தொடங்கியது. நாடு பிறந்த அதே ஆண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் சமூகவியல் உண்டு. குற்றவியலை இங்கே பெரும்பாலும் சமூகவியலின் கிளையாகவே படிக்கிறார்கள். தேசியப் பல்கலைக்கழகத்தின் நாராயணன் கணபதி சிறுபான்மை இனக் கும்பல்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். இளைஞர் ஏன் கும்பலில் சேர்கிறார் என்பதற்கு, 'கெட்ட சகவாசம்' என்று வீட்டில் சொல்லி முடிக்கும் காரணத்தோடு அவர் நிற்பதில்லை. சீன ரகசியச் சங்கங்களுக்கு இருந்த பணமும் தொடர்பும் சிறுபான்மையினருக்குக் கிடைக்காத நிலையையும் சேர்த்துப் பார்க்கிறார்.

தமிழர்களாகிய நமக்கும் குற்றவியலுக்கும் உள்ள உறவு பழையது. 1825-இல் பென்கூலனிலிருந்து இந்தியக் கைதிகளின் முதல் தொகுதி இங்கே வந்திறங்கியது. சென்னை மாகாணத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவர்களும் அதில் இருந்தார்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயமும் இன்றைய அதிபர் மாளிகையான இஸ்தானாவும் கைதிகளின் உழைப்பில் எழுந்தவை. நன்னடத்தை உள்ள கைதிகளைப் படிப்படியாக உயர்த்தி மற்ற கைதிகளுக்கே காவலராக்கும் முறை பிராஸ் பாசா சிறையில் இருந்தது. அதைப் பற்றி, கைதிகளே தங்கள் காவலர்கள் என்று பொருள்படும் தலைப்பில், சிறைக்குப் பொறுப்பாக இருந்த மெக்நேர் 1899-இல் ஒரு நூலே வெளியிட்டார். வங்க, சென்னை மாகாணங்களில் ஆயுள் கைதியின் நெற்றியில் அவர் செய்த குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849 வரை இருந்தது. ஒருவருக்குச் சமூகம் ஒட்டும் முத்திரை அவரை என்ன ஆக்குகிறது என்று ஹாவர்ட் பெக்கர் 1963-இல் அமெரிக்காவில் எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்கு அந்த நெற்றிகள்தான் நினைவுக்கு வந்தன.

"இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும்?" என்ற பெற்றோரின் கவலை புரிகிறது. சிறைத்துறை, நன்னடத்தைக் கண்காணிப்பு, குடும்பச் சேவை நிலையங்கள், கொள்கை ஆய்வு எனப் பல இடங்களில் வேலை இருக்கிறது. நான் சொல்ல விரும்புவது அதைவிட முக்கியம். லிட்டில் இந்தியாவைப் பற்றி ஷேரன் சித்திக்கும் நிர்மலா புருஷோத்தமும் 1982-இல் ஒரு நூல் எழுதினார்கள். அந்த வரிசையில் அடுத்து எழுத வேண்டியவர்கள் நம் பிள்ளைகள். ஞாயிறு மாலை தேக்காவில் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே ஒருவர், "அண்ணே, மேனேஜர்கிட்ட சொன்னா பெர்மிட் போயிடும்" என்கிறார். அந்த அச்சத்தை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்டு வாங்கக்கூடிய மாணவர் எத்தனை துறைகளில் இருக்கிறார்? திருப்பி அனுப்பப்பட்ட 57 பேரில் 56 பேர் இந்தியர்கள். அவர்களில் தமிழர்களின் ஊர்களுக்குப் போய், அந்த இரவைப் பற்றியும் அதன்பின் வந்த ஆண்டுகளைப் பற்றியும் அவர்கள் மொழியிலேயே கேட்டு எழுத ஒரு முனைவர் பட்ட ஆய்வு காத்திருக்கிறது.