கடற்காற்று சுமந்து வருபவை



இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரத்தில் வாழும் நமக்குக் காற்றின் நேரம் பழக்கமானது. கோடையில் ளுஹர் தொழுகையை ஒட்டிக் கடலிலிருந்து காற்று வீசத் தொடங்குகிறது. இரவு முதிர்ந்து ஸுபுஹ் நெருங்கும்போது அது நிலத்திலிருந்து கடலை நோக்கித் திரும்பிவிடுகிறது. கடற்காற்றில் உப்பு உண்டு என்பதற்கு நம் வீட்டு ஜன்னல் கம்பிகளில் ஏறிய துருவே சாட்சி. ஆனால் அதே காற்றில் பாக்டீரியாக்களும் பூஞ்சை வித்துகளும் மகரந்தமும் பாசியின் சிதைவுகளும் பயணம் செய்கின்றன என்பதைச் சிந்தித்திருக்கிறோமா?

அவை கடலிலிருந்து காற்றுக்கு எப்படி ஏறுகின்றன? அலை உடையும்போது காற்று நீருக்குள் சிக்கிக் குமிழிகளாகிறது. குமிழி மேலே எழும் வழியில் நீரிலுள்ள நுண்ணுயிர்களைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு வருகிறது. மேற்பரப்பில் அது வெடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் தெறிக்கின்றன. அவ்வாறு தெறிக்கும் துளியில், அது பிரிந்து வந்த நீரில் இருப்பதைவிடப் பன்மடங்கு பாக்டீரியாக்கள் செறிந்திருக்கக்கூடும் என்பதை 1970இல் பிளான்சார்ட், சிஸ்டெக் என்னும் இரு ஆய்வாளர்கள் சோதனையால் காட்டினர். துளியின் நீர் ஆவியானபின் எஞ்சும் துகள் காற்றோடு போய்விடுகிறது. கடலரிப்பைத் தடுக்க நம் கரையில் கொட்டிய பாறைகள்மீது அலை மோதிச் சிதறும் ஒவ்வொரு முறையும் இது நிகழ்கிறது.

இத்துகள்கள் செல்லும் தொலைவு வியப்புக்குரியது. 1832இல் கேப் வெர்டே தீவுகளை நெருங்கிய கப்பலில், பாய்மர உச்சியின் காற்றுக்காட்டித் துணியில் படிந்த தூசியை டார்வின் சேகரித்தார். பெர்லினில் அதைப் பரிசோதித்த எஹ்ரென்பெர்க், அதுபோன்ற தூசியில் 67 வகை உயிரின உருவங்களைக் கண்டறிந்தார். 1933இல் விமானி லிண்ட்பெர்க், வட அட்லாண்டிக்கின் மீது பறந்தபோது பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் நீட்டினார். அவற்றில் பூஞ்சை வித்துகள் ஒட்டியிருந்தன.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நீலகிரி, பழனி மலைகளையே பாருங்கள். சமவெளியின் கோடையில் அழிந்துபோகும் கோதுமைத் துரு நோய், அந்த மலைகளின் குளிர்ச்சியில் பிழைத்திருக்கிறது. நவம்பர் வாக்கில் வங்கக்கடலிலோ அரபிக்கடலிலோ எழும் புயற்சின்னம் மத்திய இந்தியாவரை சென்று ஓய்ந்தால், அந்நோயின் வித்துகள் காற்றோடு வடக்கே போய், மழையோடு வயல்களில் இறங்குகின்றன. நாகராஜன் முதலிய வேளாண் அறிஞர்கள் 1970களில் இதை விதிகளாகவே வகுத்தனர். நம் கரையோரம் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறும் நாட்களில் எங்கோ ஒரு கோதுமை விவசாயியும் வானத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது!

இதைக் கேட்டுக் கடற்காற்றுக்கு அஞ்சி ஜன்னலை அடைத்துவிடாதீர்கள். சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2014இல் ஜூன் முதல் ஆகஸ்டு வரை மூணாறு மலையில் காற்றை அளந்தனர். அரபிக்கடலிலிருந்து நேராக வந்த பருவக்காற்றில் உயிரினத் துகள்கள் குறைவாகவும், நிலத்தின்மேல் கடந்து வந்த காற்றில் மிகுதியாகவும் இருந்தன. ஆழ்கடலின் காற்று பெரும்பாலும் தூய்மையானதே. கரையோரத்தில் நாம் அதனுடன் எதைக் கலக்கிறோம் என்பதுதான் கவலைக்குரிய விஷயம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இம்பீரியல் பீச் என்றொரு கடற்கரை ஊர் உண்டு. எல்லைக்கு அப்பாலுள்ள டிஹுவானா நகரின் சாக்கடை ஆற்றின் வழியாக அங்கே கடலில் கலக்கிறது. 2019இல் அங்கு சேகரித்த காற்று மாதிரிகளில் அந்தச் சாக்கடைக்குரிய பாக்டீரியாக்கள் இருந்ததை ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிறுவனத்தார் 2023இல் வெளியிட்டனர். கடலில் கால் வைக்காதவரும் அதைச் சுவாசிக்க நேரிடலாம் என்பது அதன் பொருள். அதனால் இன்னாருக்கு இன்ன நோய் வந்தது என்று அவர்கள் கூறவில்லை. நாமும் மிகைப்படுத்த வேண்டாம்.

ஆயினும் நம் ஊரைச் சற்று எண்ணிப் பாருங்கள். எண்ணூர் முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலைச் சேர்கிறது. பக்கிங்காம் கால்வாய் சுமக்கும் கழிவுநீரும் அங்கே வந்து கலக்கிறது. 2019 இறுதியில் மெரினா முதலிய சென்னைக் கடற்கரைகளில் வெண்ணுரை மலைபோல் ஒதுங்கியபோது, பிள்ளைகளை அதில் இறக்கிப் படம் எடுத்து மகிழ்ந்த பெற்றோர் எத்தனை பேர்! கழிவுநீரும் சோப்புத் தூள்களின் பாஸ்பேட்டும் கலந்த நுரை அது. காற்று வீசினால் அந்நுரையும் துளித் துளியாகப் பறக்கும்.

ஆகவே நுரை ஒதுங்கும் நாட்களில் பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள், பெருமழை முடிந்து கழிவுநீர் கடலுக்கு ஓடும் நாட்களில் பாறைச் சுவரோரம் உலாவுவதைத் தவிர்த்துக்கொள்ளலாம். வீட்டுக் கழிவுக் குழாயை மழைநீர் வடிகாலில் விட்டிருப்போர், தெருவில் பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்று விசாரியுங்கள். வந்திருந்தால், இணைப்புக்கான விண்ணப்பத்தைச் சென்னைக் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் கொடுக்கலாம்.