முயல்களுக்குள் சண்டையா, சொறிநோயா?

நெல்லும் தென்னையும் முதன்மையாக விளங்கும் பட்டுக்கோட்டைப் பகுதியில், ஒரு பயிரை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை 2018 நவம்பரில் வீசிய கஜா புயல் நமக்கு நன்கு உணர்த்தியது. கொல்லைப்புறத்தில் ஒரு சிறு கொட்டகை, வேலிமசால், அகத்தி போன்ற பசுந்தீவனம், வீட்டார் உழைப்பு ஆகியவை இருந்தால் பத்து முயல்களை வளர்த்துத் துணை வருமானம் பெறலாம். ஆனால், அந்தப் பத்து முயல்களையும் ஒரே பருவத்தில் இழக்கச் செய்யக்கூடிய நோய் ஒன்று உண்டு. அதுவே சொறிநோய். தொடக்கத்தில் இது சண்டைக் காயம் போலத் தோன்றுவதால்தான் பலரும் ஏமாந்து விடுகின்றனர்.

ஏமாறுவது எப்படி?

காலையில் கூண்டைத் திறக்கிறீர்கள். ஒரு முயலின் மூக்கோரத்தில் புண் உள்ளது. மற்றொன்றின் காது ஓரத்தில் முடி உதிர்ந்துள்ளது. இரண்டும் ஒன்றையொன்று துரத்துகின்றன. "இரவில் சண்டை போட்டிருக்கின்றன" என்று எண்ணி ஒன்றை வேறு கூண்டுக்கு மாற்றி, புண்ணுக்கு மஞ்சள் தடவி விடுகிறீர்கள். மூன்று வாரம் கழிந்ததும் அந்தக் கூண்டில் முன்பே இருந்த முயலுக்கும் அதே புண் வருகிறது. சண்டையைத் தடுப்பதாக நினைத்து, நோயை நாமே சுமந்து சென்று பரப்பிவிட்டோம் என்பதே இதன் பொருள்.

நோய்க்குக் காரணம்

சொறிநோயை உண்டாக்குபவை கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒட்டுண்ணிகள். இவற்றுள் சார்காப்டிஸ் என்ற வகை அரை மில்லிமீட்டருக்கும் குறைவானது. பெண் ஒட்டுண்ணி தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும். 3 முதல் 5 நாட்களில் முட்டை பொரிந்து, ஏறக்குறைய 3 வாரத்திற்குள் அடுத்த தலைமுறை பெருகிவிடும். மூக்கு, உதடு, காது ஓரம், கால் விரல்கள் ஆகிய இடங்களில் வெண்மையான பொருக்குத் தோன்றும். சோராப்டிஸ் என்ற மற்றொரு வகை காதின் உட்புறத்தைத் தாக்கும். காதினுள் பழுப்பு நிறப் பொருக்கு அடைந்து, முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கும்.

அரிப்புத் தாளாத முயல் தன்னையே கடித்தும் கீறியும் புண்ணாக்கிக் கொள்ளும். பக்கத்து முயல் உரசினால் சீறிக் கடிக்கும். எனவே, சண்டை உண்மையாகவே நடந்திருந்தாலும், அதற்கு அரிப்பே காரணமாக இருக்கக்கூடும். தீவனம் எடுப்பது குறைந்து, உடல் மெலிந்து, கவனிக்காவிட்டால் முயல் இறந்துவிடும்.

வீட்டுப் பிள்ளைகள் ஆசையாக வளர்க்கும் கினிப் பன்றிகளிலும் இதே நிலைதான். அவற்றைத் தாக்கும் ஒட்டுண்ணி வேறு வகை. ஆனால் அரிப்பு மிகக் கடுமையானது. வலிப்பு வந்தது போல் அவை துடிப்பதும் உண்டு.

வேறுபாடு அறிவது எவ்வாறு?

1. சண்டைக் காயம் திடீரெனத் தோன்றும். பல் பதிந்தோ தோல் கிழிந்தோ இருக்கும். பெரும்பாலும் முதுகு, பின்புறம், காது, விதைப்பை ஆகிய இடங்களில் காணப்படும்.

2. சொறிப்புண் மெதுவாகப் பரவும், பொருக்குக் கட்டும், முடி உதிரும்.

3. தனிக் கூண்டில் உள்ள முயலுக்கும் புண் இருந்தால் அது சண்டையால் வந்ததன்று.

4. பருவமடைந்த இரு ஆண் முயல்கள் ஒரே கூண்டில் இருந்தால் சண்டை நிச்சயம். மூன்று மாத வயதிலேயே ஆண், பெண் முயல்களைப் பிரித்துவிட வேண்டும்.

5. வட்டமாக முடி உதிர்ந்தால் அது படர்தாமரையாகவும் இருக்கலாம். அதற்கு மருந்து வேறு.

ஐயம் ஏற்படின், தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பதே சரியான வழி. அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையை அணுகலாம். ஒரத்தநாட்டில் 2012-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் நமக்குத் தொலைவில் இல்லை.

சிகிச்சை

ஐவர்மெக்டின் ஊசி நல்ல பலன் தரும். ஜப்பான் நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. இதற்காக ஓமுரா, கேம்பெல் என்ற இரு அறிஞர்கள் 2015-இல் நோபல் பரிசு பெற்றனர்.

இந்த மருந்தைக் கால்நடை மருத்துவரே போட வேண்டும். காரணம் அதன் அளவு. மாடுகளுக்குப் பயன்படும் ஊசி மருந்தில் 1 மி.லி.க்கு 10 மி.கி. மருந்து உள்ளது. கிலோ எடைக்கு 0.2 மி.கி. என்று கணக்கிட்டால், 2 கிலோ முயலுக்குத் தேவைப்படுவது 0.04 மி.லி. மட்டுமே; ஏறக்குறைய ஒரு சொட்டு. கை தவறினால் பல மடங்கு உள்ளே சென்றுவிடும்.

மருந்து முட்டைகளை அழிப்பதில்லை. ஆகவே, புண் ஆறிவிட்டதென்று நிறுத்திவிடாமல், சுமார் 14 நாட்களில் இரண்டாவது ஊசி போட வேண்டும். நோயுற்ற முயலுக்கு மட்டுமன்றிக் கொட்டகையிலுள்ள எல்லா முயல்களுக்கும் ஒரே நாளில் சிகிச்சை செய்வதே சிறந்தது. சினை முயல்களைப் பற்றியும், மருந்து போட்டபின் எத்தனை நாள் இறைச்சிக்கு விற்கக் கூடாது என்பதைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டறியவும்.

செய்யக் கூடாதவை

நெற்பயிரில் குருத்துப் பூச்சிக்குப் பயன்படும் ஃபிப்ரோனில் முயலின் உயிருக்கே ஆபத்தானது. நாய்க்கு உண்ணி நீங்கத் தடவும் மருந்துகள் சிலவற்றிலும் இது உண்டு. எனவே, அவற்றை முயலுக்குத் தடவவே கூடாது. கழிவு என்ஜின் எண்ணெய், பெட்ரோல் ஆகியவையும் கூடா. முயல் உடலை நக்கும் பழக்கமுடையது. பொருக்கைப் பிய்த்தெடுத்தால் இரத்தம் கசிந்து வலி மிகும். மருந்து போட்டபின் அது தானே உதிரும்.

கூண்டுப் பராமரிப்பு

ஒட்டுண்ணி முயலின் உடலை விட்டு விலகியும் சில நாட்கள் உயிர் வாழும். மூங்கில், பலகை இடுக்குகள் அதற்கு நல்ல மறைவிடம். சிகிச்சை செய்யும் நாளன்றே பழைய வைக்கோலை எரித்துவிட்டு, கூண்டைச் சலவைச் சோடா கலந்த வெந்நீரால் தேய்த்துக் கழுவி, கடும் வெயிலில் காயவைக்க வேண்டும். கம்பிக் கூண்டாயின், முயல்களை அகற்றியபின் ஊதுவிளக்கால் சுடலாம். கீற்றுக் கொட்டகைக்குள் வைத்து இதைச் செய்யக் கூடாது.

புதிதாக வாங்கிய முயலை மூன்று வாரம் தனியே வைத்துக் கவனிக்கவும். முதலில் நலமான முயல்களுக்குத் தீவனமிட்டு, நோயுற்றவற்றைக் கடைசியில் கவனிக்கவும். பிறகு கைகளைச் சோப்பிட்டுக் கழுவுவது அவசியம். இந்த நோய் மனிதர் தோலிலும் சில காலம் அரிப்பை உண்டாக்கும்.

வாரம் ஒருமுறை ஒவ்வொரு முயலையும் கையிலெடுத்து மூக்கு, காது, விரல் ஆகிய மூன்று இடங்களையும் பாருங்கள். பத்து முயல்களுக்குக் கால் மணி நேரம் போதும். அடுத்த முறை கூண்டில் சண்டை நடந்ததாகத் தோன்றினால், முயலை இடம் மாற்றும் முன் அந்தப் புண்ணை ஒருமுறை உற்றுப் பாருங்கள். கொட்டகை முழுவதையும் காப்பாற்ற அதுவே முதற்படியாகும்.