கடலோர வேதியியல் – 9: டம்ளருக்குள் ஒரு பவளக்கல்

போன வாரம் ஆரத்தித் தண்ணீரில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டோம். சுண்ணாம்பு தந்த சிவப்பு போய், மஞ்சள் நிறம் திரும்பியது. அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று முடித்திருந்தேன். பாம்பனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னை நிறுத்திக் கேட்டாள்: "அந்த உப்பு வாலிநோக்கம் உப்பு மாதிரி கரிக்குமா சார்?"

கரிக்காது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சோடியம் ஹைட்ராக்சைடு சேர்ந்தால்தான் சோற்றுக்குப் போடும் உப்பு. வாலிநோக்கத்து அளத்தில் நடுநிலையாக்கல் எதுவும் நடப்பதில்லை. கடலில் ஏற்கெனவே கரைந்திருப்பதை வெயில் பிரித்துத் தருகிறது, அவ்வளவுதான். அமிலமும் காரமும் மாறினால் உப்பும் மாறும். கரிக்காத, தண்ணீரில் கரையவும் மறுக்கிற உப்பு ஒன்று அவள் ஊருக்குப் பக்கத்திலேயே சுவராக நிற்கிறது.

தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தைத்தான் சொல்கிறேன். 1964 டிசம்பர் புயலுக்குப் பிறகு கூரையில்லாமல் நிற்கும் அதன் சுவரில் முகத்தை ஒட்டி வைத்துப் பாருங்கள். கல் முழுக்கப் பூப்போன்ற சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியும் ஒரு பவள உயிரி குடியிருந்த வீடு. கல்லின் பெயர் கால்சியம் கார்பனேட்.

இந்தக் கரையில் பவளக்கல்லையும் கிளிஞ்சலையும் காளவாசலில் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் உண்டு. 100 கிராம் கல்லை முழுதாகச் சுட்டால் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிடும். மிஞ்சுவது 56 கிராம். அதை நீற்ற 18 கிராம் தண்ணீர் உள்ளே போகும், கொதிக்கக் கொதிக்க. கிடைப்பது 74 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, நல்ல காரம். இதைச் சுவரில் பூசினால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல வாங்கி, நீரை விட்டுவிட்டு, மறுபடி 100 கிராம் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். பூச்சு இறுகுவது இதனால்தான். கணக்கில் ஒரு கிராம் கூடத் தொலையவில்லை. அமிலமும் காரமும் "ஒன்றையொன்று அழித்துவிடும்" என்று பிள்ளைகள் எழுதும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. எதுவும் அழியவில்லை, இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் டம்ளரில் எடுங்கள். உறிஞ்சுகுழாயால் ஊதுங்கள், உறிஞ்சிவிட வேண்டாம், கண்ணில் தெறிக்கவும் விடாதீர்கள். மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் கார்பானிக் அமிலமாகி, காரத்தோடு சேர, டம்ளர் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மைதான் நான் சொன்ன கரிக்காத உப்பு. பவளக்கல்லின் அதே பொருள்.

நிறைய பேர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். விடாமல் ஊதுங்கள். வெண்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்து நீர் தெளியும். காரம் தீர்ந்த பிறகும் அமிலம் வந்துகொண்டே இருந்தால் அது கார்பனேட்டைத் தேடிப் போகும்; கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாற்றிவிடும்.

இனி டம்ளரிலிருந்து கடலுக்கு வருவோம். பவளப்பார்கள் சூழ்ந்த மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாயின. பவளக்கல் வெட்டியதில் அரண் இழந்த பூவரசன்பட்டித் தீவு நீருக்குள் போய்விட்டது. வெட்டுவதைச் சட்டம் தடுக்கும். காற்றிலிருந்து கடலுக்குள் இறங்கும் கார்பன் டை ஆக்சைடை எந்த வேலி தடுக்கும்? தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த உலகக் கடல்பரப்பின் பிஎச் இன்று சுமார் 8.1. கடல் இன்னும் காரத்தன்மையோடுதான் இருக்கிறது. "அமிலமாகிவிட்டது" என்பது தவறு. ஆனால் அந்த 0.1 என்பது ஹைட்ரஜன் அயனிகளில் கால் பங்குக்கு மேல் கூடுதல். பவளம் வீடு கட்டத் தேடும் கார்பனேட்டை அவை முந்திக்கொண்டு பிடித்துவிடுகின்றன. டம்ளரில் கரைந்ததுபோல் பவளப்பார்கள் உடனே கரைந்துவிடவில்லை. புதிதாகக் கட்டுவது கடினமாகிக்கொண்டே போகிறது.

தெளிந்த அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் மூடி வையுங்கள். அடுத்த வாரம் அதைக் கொதிக்க வைக்கப்போகிறோம்.