நான்கு கம்பியில் வரும் விடை

ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்ப ஒளிக்கு 6.7 நானோ விநாடி போதும். ஆர்டுயினோ ஊனோ பலகையின் கடிகாரமோ ஒரு துடிப்புக்கே 62.5 நானோ விநாடி எடுத்துக்கொள்கிறது. அதற்குள் ஒளி 18 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். இத்தனை மந்தமான கடிகாரம் உள்ள பலகையை வைத்துக்கொண்டு, பள்ளி மாணவர்கள்கூட ஒளியால் தொலைவை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து காட்டுகிறார்கள். எப்படி?

ஆர்டுயினோ அளப்பதே இல்லை. அரிசி மணியளவு சென்சார் ஒன்று எல்லாவற்றையும் தானே அளந்து, கணக்குப் போட்டு, விடையை எண்ணாகச் சொல்லிவிடுகிறது. ஆர்டுயினோ அதைக் கேட்டு எழுதிக்கொள்கிறது, அவ்வளவுதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இணைப்பதும் எளிது, பழுது பார்ப்பதும் எளிது.

ஒளியின் போக்குவரத்து நேரம்

இந்த வேலைக்கு இன்று பரவலாகப் பயன்படுவது எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் விஎல்53எல்0எக்ஸ் என்ற சென்சார். நீளம் 4.4 மி.மீ., அகலம் 2.4 மி.மீ., உயரம் 1 மி.மீ. இதற்குள் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் அகச்சிவப்புக் கதிர் வீசும் குட்டி லேசர் ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, முதல் வகுப்பு லேசர் என்பதால் கண்ணுக்குக் கேடும் இல்லை. பக்கத்திலேயே, ஒரே ஒரு ஃபோட்டான் விழுந்தாலும் மின்துடிப்பாக மாற்றிவிடும் உணரிகளின் வரிசை இருக்கிறது.

பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபீஸோ 1849இல் பாரிஸ் அருகே செய்த சோதனையின் தலைகீழ் வடிவம் இது. 8 கிலோமீட்டருக்கும் அப்பால் கண்ணாடியை நிறுத்தி, சுழலும் பற்சக்கரத்தின் இடைவெளி வழியாக ஒளியை அனுப்பித் திரும்ப வாங்கினார் அவர். தொலைவு தெரியும், வேகத்தைத் தேடினார். இன்று வேகத்தைத் தேட வேண்டியதில்லை. 1983 முதல் மீட்டர் என்ற அளவையே ஒளியை வைத்துத்தான் வரையறுக்கிறார்கள்: வெற்றிடத்தில் ஒரு விநாடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் ஒளி கடக்கும் தூரமே ஒரு மீட்டர். எனவே சென்சார் நேரத்தை அளந்தால் தொலைவு கிடைத்துவிடும்.

ஆனால் பொருள் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் நேரத்தில் வரும் வேறுபாடு 6.7 பிகோ விநாடி மட்டுமே. ஒரே ஒரு துடிப்பை நம்பி அவ்வளவு நுட்பமாகச் சொல்ல முடியாது. அதனால் சென்சார் மீண்டும் மீண்டும் துடிப்புகளை வீசி, திரும்பும் ஃபோட்டான்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கிறது. வழக்கமான ஓர் அளவீட்டுக்கு ஏறக்குறைய 33 மில்லி விநாடி ஆகிறது. 200 மில்லி விநாடி கொடுத்தால் துல்லியம் கூடும். 20 மில்லி விநாடியில் முடிக்கச் சொன்னால் எண் சற்று ஆடும்.

ஒலியால் அளக்கும் எச்சிஎஸ்ஆர்04 சென்சாரில் கதை வேறு. ஒரு மீட்டர் போய்வர ஒலிக்கு 6 மில்லி விநாடி அளவுக்கு நேரமாகும். அதை ஆர்டுயினோ தானே எண்ணிவிடும். அங்கே ஆர்டுயினோ கடிகாரம் பிடிப்பவர். இங்கே செய்தி கேட்பவர்.

இணைப்பு

சென்சாரை நேரடியாகப் பற்றவைப்பது வீட்டில் ஆகாத காரியம். சிறு பலகையில் பொருத்தி விற்கிறார்கள், அதையே வாங்குங்கள். சென்சாருக்கு வேண்டியது 2.6 முதல் 3.5 வோல்ட் மட்டுமே. ஊனோவோ 5 வோல்ட்டில் ஓடுவது. நல்ல பலகைகளில் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டரும், தகவல் கம்பிகளின் மட்டத்தை மாற்றும் சுற்றும் இருக்கும். இருக்கிறதா என்று விவரக்குறிப்பைப் படித்துப் பார்த்த பிறகே 5 வோல்ட் கொடுங்கள்.

நான்கு கம்பிகள் போதும். சென்சார் பலகையின் வின் முனை ஊனோவின் 5 வோல்ட்டுக்கு, ஜிஎன்டி ஜிஎன்டிக்கு, எஸ்டிஏ ஊனோவின் ஏ4க்கு, எஸ்சிஎல் ஏ5க்கு. கடைசி இரண்டும் ஐ2சி என்ற உரையாடல் முறைக்கானவை. ஒன்றில் தகவல் போகும், மற்றதில் தாளம் போகும். இந்த இரு கம்பியில் பல கருவிகள் தொங்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி எண் உண்டு. நம் சென்சாரின் முகவரி பதினாறடிமான எண்முறையில் 29, நாம் எண்ணும் முறையில் 41.

அடுத்து, ஆர்டுயினோ மென்பொருளின் லைப்ரரி மேனேஜரில் சென்சாரின் பெயரைத் தேடி அதற்கான லைப்ரரியை நிறுவி, கூடவே வரும் மாதிரி நிரலை ஏற்றுங்கள். சீரியல் மானிட்டரில் எண்கள் ஓடத் தொடங்கும். எண் வரவில்லையா? முதலில் ஐ2சி ஸ்கேனர் நிரலை ஓட்டுங்கள். 29 என்ற முகவரி தெரியாவிட்டால் கோளாறு கம்பியிலோ மின்சாரத்திலோ இருக்கிறது. நிரலைத் திருத்திப் பயனில்லை. பலமுறை ஏ4ஐயும் ஏ5ஐயும் மாற்றிச் செருகியதுதான் காரணமாக இருக்கும்.

இரண்டு சென்சார் இணைக்கும்போது இன்னொரு சிக்கல். வகுப்பில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் வருகைப் பதிவில் இருவரும் ‘உள்ளேன் ஐயா’ சொல்வதைப்போல, இரண்டும் ஒரே முகவரிக்குப் பதில் சொல்லும். இதற்காகவே எக்ஸ்ஷட் என்ற முனை இருக்கிறது. அதைத் தாழ்நிலையில் வைத்தால் சென்சார் தூங்கும். எல்லாவற்றையும் தூங்கவைத்து, ஒவ்வொன்றாக எழுப்பிப் புது முகவரி கொடுக்க வேண்டும். மின்சாரம் போனால் புது முகவரி மறந்துவிடும். நிரல் தொடங்கும்போதெல்லாம் மறுபடி கொடுக்க வேண்டும். சில பலகைகளில் இந்த முனைக்கு மட்ட மாற்றி கிடையாது. அங்கே 5 வோல்ட் கொடுத்து எழுப்பாமல், ஊனோவின் முனையை இன்புட் நிலைக்கு மாற்றி விட்டுவிட்டால் சென்சார் தானே எழும்.

எண் வருகிறது, ஆனால் தவறு

முகவரி தெரிந்து, எண்ணும் வந்து, அந்த எண் மட்டும் பொருந்தவில்லையென்றால் கோளாறு ஒளியில் இருக்கிறது. முதலில் சென்சார் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய பாதுகாப்புத் தாளை உரித்தீர்களா என்று பாருங்கள். எட்டாயிரத்துச் சொச்சம் மில்லிமீட்டர் என்று காட்டினால் அது தொலைவே அல்ல. ‘எனக்கு எதுவும் தெரியவில்லை’ என்று சென்சார் சொல்லும் விதம். நிரலில் அந்த எண்ணை வடிகட்டிவிட வேண்டும்.

இதன் பார்வை கோடு அல்ல, கூம்பு. 25 பாகை விரியும் அந்தக் கூம்பு ஒரு மீட்டரில் 44 செ.மீ. அகலமாகிவிடும். சுவரை அளப்பதாக நினைத்துக்கொண்டு மேசை விளிம்பை அளந்துகொண்டிருப்போம். அறைக்குள் வெள்ளைச் சுவரை 2 மீட்டர் வரை பார்க்கும் சென்சார், அடர்சாம்பல் பரப்பை 80 செ.மீ. அளவுக்கே பார்க்கும். வெயில் அதைவிடப் பெரிய எதிரி. காற்றிலுள்ள நீராவி 940 நானோமீட்டர் அருகே சூரிய ஒளியைக் கணிசமாக உறிஞ்சிவிடுகிறது. அந்த அலைநீளத்தில் இயங்குவதால் சென்சாருக்குத் தொல்லை ஓரளவு குறைகிறது. ஆனாலும் வெட்டவெளியில், மேகமூட்டமான பகலிலேயே எட்டும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும்.

பலர் இதை வாங்குவது தண்ணீர்த் தொட்டியின் மட்டம் பார்க்கத்தான். தெளிந்த நீர் ஒளியின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். அளவு நம்பகமாக வராது. தெர்மோகோல் பலகை ஒன்றை மிதக்கவிட்டு அதை அளக்கலாம். ஈரம் படாமலிருக்க முன்னால் கண்ணாடி வைத்தால், அந்தக் கண்ணாடியிலேயே ஒளி பட்டுத் திரும்பி அளவைக் குறைத்துக் காட்டும். மூடி வைத்த பிறகு மறுபடி சரிபார்ப்பது அவசியம்.

சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். தையல்காரரின் டேப்பும் வெள்ளை அட்டையும் போதும். 10, 20, 40, 80 செ.மீ. தூரங்களில் அட்டையை நிறுத்தி, ஒவ்வொன்றிலும் இருபது அளவீடு எடுத்துச் சராசரியை நோட்டில் எழுதுங்கள். எங்கும் ஒரே அளவு வித்தியாசம் வந்தால் நிரலில் அதைக் கழித்துவிடலாம். வித்தியாசம் தூரத்துக்குத் தூரம் மாறினால் கம்பியைத் தொடாதீர்கள். ஒளியின் பாதையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள்.