படித்தபின் எங்கே? – 9: ஸ்டோருக்குள் இருக்கும் பாடம்

வட்டகொடைப் பக்கம் ஒரு பிள்ளை விவசாயப் பொறியியல் படிக்கப்போவதாகச் சொன்னால், லயத்தில் எழும் முதல் கேள்வி, "படிச்சிட்டு மறுபடியும் தோட்டத்துக்கா?" என்பதுதான். பெரட்டுக் களத்தில் காலம் கழித்த பெற்றோர் அப்படிக் கேட்பது நியாயமே. ஆனால் அந்தத் தோட்டம் நடப்பதே இந்தப் படிப்பின் கணக்கில்தான் என்பதை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஸ்டோரை, அதாவது தேயிலைத் தொழிற்சாலையையே எடுங்கள். பறித்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். பொதியில் ஏறும் தேயிலையில் மூன்று சதவீத அளவே ஈரம். இடையில் உள்ள தண்ணீரை மணம் கெடாமல் எடுக்க வேண்டும். வாட்டும் தொட்டிக்குக் காற்று ஊதும் விசிறி, விறகில் எரியும் அடுப்பு இரண்டும் அதற்குத்தான். வாட்டம் போதுமா என்பதை டீமேக்கர் கைப்பிடியிலேயே அறிவார். அந்த அனுபவத்துக்குப் பட்டம் ஈடாகாது. ஆனால் ஒரு கிலோ தேயிலைக்கு எவ்வளவு விறகு, எவ்வளவு மின்சாரம், எதைக் குறைக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டுவது பட்டதாரியின் வேலை. விறகும் மின்சாரமும் விலையேறிய காலத்தில் எந்தக் கம்பனியும் அதைக் காதில் வாங்கும்.

பக்கத்துத் தலவாக்கலையில், சென். கூம்ஸ் தோட்டத்தில், 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆராய்ச்சி விருப்பமுள்ளவர் அங்கே குறி வைக்கலாம். இடங்கள் சில, போட்டியோ பெரிது.

இன்னொரு பக்கம் சரிவு. நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கான் (வடிகால்) வெட்டியது மண்ணைக் காக்கத்தான். மண் பாதுகாப்புச் சட்டம் 1951 லேயே வந்துவிட்டது. அப்படியும் மழைக்கு மலை கரைகிறது. கரைந்த மண் ஆற்றோடு போய் நீர்த்தேக்கங்களில் படிகிறது. 2012 இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலை மின்நிலையத்தின் அணை தலவாக்கலையில்தான் நிற்கிறது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களையே மண் மூடியது. வடிகாலும் சரிவும் தெரிந்தவர்களுக்கு மலையகத்தில் வேலை தீராது. அதற்குரிய பதவிகளைத்தான் போதிய அளவு உருவாக்கவில்லை என்பது என் குறை.

அரச நியமனத்துக்காக வருடக்கணக்கில் காத்திருப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நுவரெலியாவின் கரட், லீக்ஸ், உருளைக்கிழங்குத் தோட்டங்களைப் பாருங்கள். பசுமைக்கூடம், சொட்டுநீர், அறுவடைக்குப் பின் அழுகாமல் காப்பது, செங்குத்துச் சரிவில் நிற்கும் சிறு இயந்திரம், கொழுந்து வெட்டும் கருவி... ஆள் குறையக் குறைய இவற்றின் தேவை கூடும். இவற்றை விற்கவும் பொருத்தவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவருக்குச் சொந்தத் தொழிலே கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. பேராதனை, கிளிநொச்சியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம், வந்தாறுமூலை ஆகிய இடங்களில் விவசாயப் பொறியியல் என்பது விவசாய பீடத்தின் ஒரு துறை. பொறியியல் பீடம் தரும் பட்டம் அல்ல. தமிழ்நாட்டு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.டெக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பொறியியலாளர் பதவிக்கு விண்ணப்பிக்குமுன் கேட்கும் தகைமையை வரிக்கு வரி வாசியுங்கள்.

சாதாரண தரம் எழுதிய பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. உயர்தரத்தில் இரசாயனவியல், பௌதிகவியலோடு உயிரியலோ விவசாய விஞ்ஞானமோ எடுத்தால் இந்த வழி திறக்கும். தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானப் பிரிவு இல்லையென்றால், பெறுபேறு வரும்வரை பார்த்திருக்காமல் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் இப்போதே விசாரியுங்கள்.